கோதுமையில் ஏறிய முத்தொளி

தாமஸ் டிரஹர்ன் என்றொரு ஆங்கிலேயப் பாதிரியார் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். ஹெரிஃபோர்டு நகரத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1674-இல், நாற்பது வயதைத் தொடுவதற்கு முன்பே இறந்துபோனார். தன் பிள்ளைப் பருவத்தில் உலகம் முதன்முதலாகக் கண்ணில் பட்டபோது எப்படி இருந்தது என்பதை அவர் உரைநடையில் எழுதிவைத்தார். அதில் ஒரு வாக்கியம் கோதுமை வயலைப் பற்றியது. அந்தக் கோதுமையை யாரும் விதைத்ததாகத் தெரியவில்லை, யாரும் அறுக்கப்போவதாகவும் தெரியவில்லை, ஆதி முதல் அந்தம் வரை அது அப்படியே நின்றதாகத் தோன்றியது என்கிறார். அழிவற்ற கோதுமை என்கிறார். அதற்கு முன்னால் இன்னொரு அடைமொழியும் போடுகிறார்: 'ஓரியண்ட்'.

ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்த தமிழ் வாசகர்கூட இந்த இடத்தில் தடுக்கி நிற்பார். அதே வாக்கியத்தில் வரும் 'கார்ன்' என்ற சொல்லை மக்காச்சோளம் என்று எடுத்துக்கொள்ளும் முதல் சறுக்கலைத் தாண்டிவிடலாம். இங்கிலாந்தில் அது பொதுவாகத் தானியத்தையும், குறிப்பாகக் கோதுமையையும் குறித்த சொல். ஓரியண்ட் அப்படி எளிதில் வழிவிடாது. கையகராதியைத் திறந்தால் 'கிழக்கு, கீழ்த்திசை' என்றிருக்கும். வினையாகப் பார்த்தால் 'திசைப்படுத்து' என்றிருக்கும். ஹெரிஃபோர்டில் விளைந்த கோதுமை எப்படிக் கீழ்நாட்டுக் கோதுமை ஆகும்? வயல் ஊருக்குக் கிழக்கே இருந்தது என்று சொல்லவருகிறாரா? அப்படிப் படித்தால் வாக்கியம் செத்துவிடுகிறது.

இந்தச் சொல்லுக்கு விடை கோதுமை வயலில் இல்லை. அது கிடந்த இடங்களில் ஒன்று தூத்துக்குடிக்குக் கிழக்கே, பத்துப் பாகம் ஆழத்தில், மன்னார் வளைகுடாவின் பார்களில் இருக்கிறது.

பழைய சொல்லொன்றின் பொருளைத் தேடுபவர் முதலில் பார்க்கவேண்டியது, அந்தச் சொல் அந்தக் காலத்தில் எவற்றோடு சேர்ந்து புழங்கியது என்பதைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த வழியில் உருவானது. ஜேம்ஸ் மர்ரே என்ற பதிப்பாசிரியருக்கு உலகெங்கும் இருந்த தன்னார்வ வாசகர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வந்த வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்கள். இலட்சக்கணக்கான சீட்டுகள் குவிந்தன. அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, எங்கே திரும்பியது, எங்கே நின்றுபோனது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. முதல் பகுதி 1884-இலும் கடைசிப் பகுதி 1928-இலும் அச்சாயின. வரையறைகளைவிட அந்த அகராதியின் உயிர் அந்த வாக்கிய வரிசையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓரியண்ட் என்ற சொல்லுக்கும் அப்படி வாக்கியங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 14-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கவிஞர் எழுதிய 'பேர்ல்' என்ற நெடுங்கவிதை இருக்கிறது. இரண்டு வயது நிறையாமல் இறந்துபோன தன் மகளை, புல்லில் தவறவிட்ட முத்தாக எண்ணி ஒரு தந்தை அழுவதாகவே பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். அதன் தொடக்கத்திலேயே ஓரியண்ட் வருகிறது. அங்கே அது இன்னும் ஊர்ப்பெயர்தான்: கீழ்நாட்டிலிருந்து வந்த முத்துகளிலும் இவளுக்கு இணை காணவில்லை என்பது கருத்து. ஏறத்தாழ அதே காலத்தில் சாசர் ஒரு மகுடத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது ஒரே கீழ்நாட்டு முத்தில் செய்தது என்கிறார். இருநூறு ஆண்டு தள்ளி வந்தால், மார்லோவின் ஃபாஸ்டஸ் தனக்கு அடங்கிய ஆவிகளைப் பொன்னுக்காக இந்தியாவுக்கு ஏவவும், கடல்களைக் குடைந்து ஓரியண்ட் முத்தெடுக்கவும் ஆசைப்படுகிறான். ஷேக்ஸ்பியரின் ஆன்டனி, கிளியோபாத்ராவுக்கு முத்தமிட்டு அனுப்புவது ஓர் ஓரியண்ட் முத்து. அவருடைய வேறொரு நாடகத்தில் பூமொட்டுகளின்மேல் நிற்கும் பனித்துளிகள் ஓரியண்ட் முத்துகளாகத் தெரிகின்றன. இன்னொன்றில் சிந்திய கண்ணீர்த்துளிகள் ஓரியண்ட் முத்துகளாகத் திரும்பிவரும் என்று ஒரு மன்னன் ஆசைகாட்டுகிறான்.

வரிசையைப் பார்த்தவுடன் ஒன்று புலப்படும். சொல் எங்கே போனாலும் முத்தும் கூடவே போகிறது.

முத்தோடு அது ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஐரோப்பாவின் சொந்த முத்துகளைப் பார்க்கவேண்டும். பிரிட்டனின் குளிர்ந்த ஆறுகளில், முக்கியமாக ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும், ஒருவகை நன்னீர் மட்டி வாழ்கிறது. அதற்குள்ளும் முத்து விளையும். ஜூலியஸ் சீசர் பிரிட்டன்மீது படையெடுத்ததே முத்தாசையால்தான் என்று அவர் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். அந்த ஆசை முழுதாக நிறைவேறவில்லை போலும். பிரிட்டனின் முத்துகள் மங்கலானவை, நீலம் பாய்ந்தவை என்று டாசிடஸ் எழுதினார். சிறியவை, நிறம் கெட்டவை என்றார் பிளினி. நல்ல ஆற்றுமுத்துகளும் இருந்தன, அரசர்கள் அணிந்தார்கள். ஆனாலும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபு வணிகர், வெனிஸ் வணிகர் கைமாறி வந்து சேர்ந்த கடல்முத்தைப் பக்கத்தில் வைத்தவுடன் வேறுபாடு தெரிந்துவிடும். ஆகவே கடையில் ஒரு முத்தைக் காட்டி 'இது ஓரியண்ட்' என்றால், வாங்குபவர் கேட்டது ஊர்ப்பெயராக இருந்தாலும் மனதில் பதிந்தது தரம். ஊரின் பெயர் ஒளியின் பெயராக மாறியது இப்படித்தான்.

பிறகு கொலம்பஸுக்குப் பின் வெனிசுவேலாக் கடலோரத்துத் தீவுகளிலிருந்து முத்துகள் ஐரோப்பாவுக்குக் கொட்டின. அவை மேற்கிலிருந்து வந்தவை. அதற்குள் ஓரியண்ட் என்ற அடைமொழி திசையை விட்டு நகர்ந்து, முத்தின் மேனியில் மிதக்கும் அந்த மினுமினுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது கடலின் இந்தக் கரைக்கு வருவோம். இங்கிருந்து பார்த்தால் அந்தச் சொல்லின் முகமே மாறிவிடும்.

தூத்துக்குடியின் முத்துக்குளிப்புக்கு வரலாறு நீண்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூல், பாண்டியன் ஆட்சியிலிருந்த 'கோல்கோய்' துறையில் முத்துக்குளிப்பு நடந்ததைக் குறிக்கிறது. அது கொற்கை. இன்று கொற்கை கடலைவிட்டு விலகி, வயலும் வாழையுமாக உள்ளே கிடக்கிறது. துறை பழையகாயலுக்கு நகர்ந்தது, பின் தூத்துக்குடிக்கு வந்தது. பாண்டியருக்குப் பின் போர்ச்சுக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று கரையை ஆண்டவர்கள் மாறினார்கள். குளித்தவர்கள் மாறவில்லை. பரதவர்களும் கரையோர முஸ்லிம்களுமே தலைமுறை தலைமுறையாகப் பாருக்கு இறங்கினார்கள்.

'பார்' என்பது கடலடி மணலுக்கு நடுவே பரந்து கிடக்கும் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி தன் உடலிலிருந்து வரும் நார்க்கற்றையால் அதைப் பற்றிக்கொண்டு வாழும். தொலையிரம் பார் போல ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு கூடும் ஆண்டில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், தோணிகள் நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் பாய்விரித்துக் கிளம்பும். பொழுது விடியும்போது பாரின்மேல் நிற்கவேண்டும். சூரியன் எழுந்ததும் குளியல் தொடங்கும். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லில் கால் பொருத்தி, ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி இறங்குவார். கிடைத்த ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பிடுங்கி வலைக்கூடையில் திணிப்பார். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். உச்சிவேளையில் கடற்காற்று திரும்பும்போது தோணிகள் கரைக்குப் பாயெடுக்கும். கரையில் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஆங்கிலேயர் காலத்து முறையில் இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு.

'ஓரியன்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அடிப்பொருள் கிழக்கு அல்ல, 'எழுந்துகொண்டிருப்பது' என்பதே. எழும் சூரியனைக் குறித்து, அதன்வழி அது எழும் திசையைக் குறித்தது. தூத்துக்குடித் தோணிக்காரருக்கு அந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. பார் இருப்பது கரைக்குக் கிழக்கே. சூரியன் எழுவது பாருக்கு மேலே. அது எழும் நேரமே முத்தெடுக்கும் நேரம். ஆனால் அவர்கள் தங்கள் முத்தைக் கிழக்கு என்று அழைக்க ஒரு காரணமும் இல்லை. தன் வாசலில் விளைவதை எவரும் தூரத்துப் பெயரால் சொல்வதில்லை.

வேறென்ன பெயரிட்டார்கள் என்பதற்கு ஒரு அருமையான சாட்சியம் இருக்கிறது. செசாரே ஃபெதரீச்சி என்ற வெனிஸ் வணிகர் 1563-இல் ஊரைவிட்டுக் கிளம்பி, 18 ஆண்டுகள் கீழைநாடுகளில் சுற்றிவிட்டு 1581-இல் திரும்பினார். அவருடைய பயண நூலைத் தாமஸ் ஹிக்காக் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்க்க, 1588-இல் அது லண்டனில் வெளியானது. மார்லோ எழுதிக்கொண்டிருந்த காலம். இலங்கைக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் நடந்த முத்துக்குளிப்பை ஃபெதரீச்சி அதில் விவரிக்கிறார். சிப்பி மிகுந்த இடத்துக்கு எதிர்க்கரையில் ஓலைக்குடிசைகளும் கடைத்தெருவுமாகத் திடீரென்று ஒரு ஊர் முளைக்கும். குளிப்பு முடிந்ததும் அது கலைந்துவிடும். குளித்தெடுத்த முத்துகளைச் செட்டிகள் தரம்பார்த்து விலை வைப்பார்கள். நான்கு தரம். உருண்டையான முதல் தரத்துக்குப் பெயர் 'போர்ச்சுக்கலுடையது', ஏனென்றால் அதைப் போர்ச்சுக்கீசியர் வாங்குவார்கள். அவ்வளவு உருளாத இரண்டாம் தரம் வங்காளத்துடையது. மூன்றாவது கன்னட நாட்டுடையது, அதாவது விஜயநகரத்துக்குப் போவது. கடைசித் தரம் காம்பேயுடையது.

லண்டனில் ஒரு முத்தின் உயர்வைச் சொல்ல 'கிழக்கு' என்றார்கள். அதே ஆண்டுகளில், அதே முத்தின் உயர்வைச் சொல்ல இந்தக் கரையில் 'போர்ச்சுக்கல்' என்றார்கள். வாங்கியவர்கள் அது வந்த இடத்தைப் பெயராக்கினார்கள், விற்றவர்கள் அது போகும் இடத்தைப் பெயராக்கினார்கள். ஒரே பண்டத்தின் இரு முனைகளிலும் திசைச்சொல் தரச்சொல்லாக மாறியிருக்கிறது. இதை நான் முதலில் சேர்த்துப் பார்த்தபோது, ஓரியண்ட் என்ற சொல்லின் பிறப்பு எவ்வளவு இயல்பானது என்பது அகராதியைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

பெயர் வந்த வழி தெரிந்துவிட்டது. பெயர் குறிக்கும் ஒளி எது என்பதைப் பார்த்தால்தான் கோதுமைக்குத் திரும்ப முடியும்.

நல்ல முத்தை விரல்நுனியில் வைத்து மெல்ல உருட்டுங்கள். கண்ணாடிபோல் விளக்கைப் பிரதிபலிக்கும் வெண்புள்ளி ஒன்று தெரியும். அது பளபளப்பு மட்டுமே. அதற்கும் கீழே, மேற்பரப்புக்குச் சற்று உள்ளே இருப்பதுபோல, இளஞ்சிவப்பும் பசுமையும் நீலமும் ஒன்றையொன்று துரத்தும் மெல்லிய நிறவோட்டம் தெரியும். உருட்ட உருட்ட இடம் மாறும். அதைத்தான் முத்து வணிகர்கள் இன்றும் ஓரியண்ட் என்கிறார்கள். இலக்கிய ஆங்கிலத்தில் வழக்கொழிந்த சொல் என்று அகராதிகள் முத்திரை குத்திய அதே சொல், நகைப்பரிசோதனைக் கூடங்களில் முத்தின் நிறத்தை விவரிக்கும் கலைச்சொல்லாக உயிரோடு இருக்கிறது.

அந்த நிறங்கள் சாயமல்ல என்பதை 1814-இல் டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் காட்டினார். சிப்பியின் மினுங்கும் உட்பகுதித் துண்டொன்றை அவர் மெழுகும் பிசினும் கலந்த பசையால் கருவியில் ஒட்டியிருந்தார். அதைப் பெயர்த்தெடுத்தபோது, வெறும் பசையின் மேல் சிப்பியின் நிறங்கள் மினுங்கின. சிப்பியிலிருந்து துகள் ஏதும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பசை, சிப்பிமுகத்தின் நுண்ணிய வரிகளை அச்செடுத்திருந்தது. அந்த வரிகளே ஒளியைப் பிரித்து நிறமாக்கின. வேறு பொருள்களில் அச்செடுத்தபோதும் அதே நிறங்கள் வந்தன. நிறமியே இல்லாமல் வடிவம் மட்டும் நிறத்தைத் தரமுடியும் என்பதற்கு இதைவிட எளிய, இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது.

ஆனால் அது பாதி விடைதான். முத்து முழுக்க அடுக்குகளால் ஆனது. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தின் தட்டையான வில்லைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மைக்ரோமீட்டர் தடிமனில், நடுநடுவே மெல்லிய புரதப்படலத்துடன் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 2000 அடுக்கு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். அடுக்கின் தடிமனும் அலைநீளமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடுத்தடுத்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியும் வெளியே வந்து சந்திக்கும்போது சில நிறங்களின் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அழித்துக்கொள்ளும். பார்க்கும் கோணம் மாறினால் ஒளி கடக்கும் தொலைவும் மாறும், எஞ்சும் நிறமும் மாறும். அடுக்குகள் சீராக இருந்தால் நிறவோட்டம் தெளியும்; தாறுமாறாக இருந்தால் வெறும் வெண்மை.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் இந்தக் கேள்வியில் நெடுநாள் மனம் தோய்ந்திருந்தார். நோபல் பரிசு வாங்கியபின், 1930-களின் நடுவில் பெங்களூரிலிருந்து வானவில் நிறம் காட்டும் சிப்பிகளைப் பற்றித் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதினார். 1954-இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துகளின் அமைப்பையும் ஒளியியல் இயல்பையும் ஆராய்ந்து வெளியிட்டார். சிப்பியின் தட்டையான உட்பூச்சில் அடுக்குகள் பாய்போல் விரிந்திருக்கும். முத்தில் அவை மையத்தைச் சுற்றி உருண்டுவருவதால், உள்ளே நுழைந்த ஒளி அடுக்குகளின் வழியே பரவி எதிர்பாராத பக்கத்திலும் நிற ஒளிவட்டமாக வெளிப்படும். முத்து தன்னுள்ளிருந்தே ஒளிர்வதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். டிரஹர்னின் வாக்கியத்துக்கு இது தேவைப்படும்.

இந்த அடுக்குகளைப் படியவைப்பது எது? மணல்துகள் உள்ளே புகுந்தால் முத்தாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி முத்தாகும் என்பது நம் பழைய நம்பிக்கை. பிளினி பனித்துளி என்றார். உண்மையில் வேலை செய்வது சிப்பியின் மேலுறைச் சதையிலுள்ள உயிரணுக்கள். ஓடு வளர அடுக்குப் படியவைப்பவையும் அவையே. காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அவற்றில் சில இடம்பெயர்ந்து சதைக்குள் சிக்கிக்கொண்டால், அங்கே பை போலச் சூழ்ந்து வளர்ந்து, தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதை அறிந்துதான் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி, மன்னார் வளைகுடாச் சிப்பிக்குள் உருண்டை மணியையும் மேலுறைச் சதைத்துண்டையும் பதியவைத்து, 1973-இல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். இயற்கை முத்துக்கான குளிப்பு அதற்கு முன்பே நின்றிருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் சலாபமே கடைசி.

இனி சொல்லின் பின்பாதிப் பயணம். ஓரியண்ட் என்றாலே முத்தின் ஒளி என்று காதுக்குப் பழகியபின், முத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கவிஞர்கள் கண்டுகொண்டார்கள். மில்டன் 1634-இல் மேடையேறிய 'கோமஸ்' என்ற நாடகக் கவிதையில், மாயக்காரன் படிகக் கிண்ணத்தில் நீட்டும் மதுவை ஓரியண்ட் என்கிறார். 'இழந்த சொர்க்கம்' காவியத்தின் முதல் காண்டத்தில், நரகத்தில் விழுந்த தூதர்கள் மீண்டும் அணிவகுக்கும்போது இருளைக் கிழித்து எழும் பல்லாயிரம் கொடிகளுக்கு ஓரியண்ட் நிறங்கள். கிழக்கத்திய நிறங்கள் என்று அங்கே படித்தால் கொடிகள் ஏதோ கீழைநாட்டுப் படையுடையவை ஆகிவிடும். நிறம் மாறி மாறி மினுங்கும் கொடிகள் என்று படித்தால்தான், இருட்டில் அவை திடீரென எழுந்த திகைப்பு வருகிறது. அதோடு 'எழுதல்' என்ற லத்தீன் வேரும் அங்கே வேலை செய்கிறது. மில்டன் லத்தீனில் கவிதை எழுதியவர். கொடிகள் எழுகிற இடத்தில் தற்செயலாக இந்தச் சொல்லைப் போட்டிருக்கமாட்டார்.

டிரஹர்னின் கோதுமை இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பதிப்புகளின் அடிக்குறிப்புகள் வழக்கமாக 'ஒளிரும்' என்று பொருள் தருகின்றன. தவறில்லை. ஆனால் அது போதாது என்பது என் எண்ணம். முத்தின் ஒளி வெளியிலிருந்து விழுந்து திரும்பும் ஒளியாகத் தெரியாது. உள்ளிருந்து வருவதாகத் தெரியும். விளைந்த கோதுமையின்மேல் வெயில் பட்டு மின்னியது என்று மட்டும் டிரஹர்ன் சொல்லியிருந்தால் அது மாலையானால் அணைந்துவிடும் மின்னல். அந்தப் பிள்ளை கண்டது அணையாத ஒளி, பயிரின் உள்ளேயே இருந்த ஒளி. அடுத்த சொல் 'அழிவற்ற' என்று வருவது அதனால்தான். மேலும் விவிலியத்தில் ஏதேன் தோட்டம் கிழக்கில் நடப்பட்டது. முதல் மனிதன் கண்ட உலகத்தைத் தானும் கண்டதாக டிரஹர்ன் அந்தப் பக்கங்கள் முழுக்கச் சொல்கிறார். எழும் சூரியன், ஏதேன் இருந்த திசை, முத்தின் உள்ளொளி மூன்றையும் அந்த ஒரு சொல் ஏந்துகிறது. ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டை விடவேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை.

இந்த வாக்கியம் நம் கைக்குக் கிடைத்ததே பெரிது. டிரஹர்னின் கையெழுத்துப் படிகள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தெரியாமல் கிடந்து, 1896-97 குளிர்காலத்தில் லண்டன் தெருவோரப் பழைய புத்தகக் கடையொன்றில் சில காசுக்கு வாங்கப்பட்டன. யார் எழுதியது என்று கண்டுபிடித்துப் பெர்ட்ராம் டோபெல் இந்த உரைநடை நூலை 1908-இல் அச்சிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஓ எழுத்துப் பகுதிகள் 1904-க்குள் வெளிவந்துவிட்டன. ஆகவே அந்த முதல் பதிப்பின் ஓரியண்ட் பதிவில் கோதுமை இடம்பெற வாய்ப்பே இல்லை. 1908-இல் அதைப் படித்தவர்கள் முத்திலிருந்தும் பனித்துளியிலிருந்தும் தாங்களே வழிகண்டு கோதுமைக்கு வந்திருக்கவேண்டும்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ஓரியண்டுக்கு நேரான சொல் நம்மிடம் இருக்கிறது. மணியின் ஒளியை 'நீர்' என்றோம், 'நீரோட்டம்' என்றோம். பாரசீகத்திலும் 'ஆப்' என்ற சொல் நீரையும் ஒளியையும் குறிக்கும். ஆங்கில மணிவணிகரும் முதல்தர மணியை முதல் நீர் என்றார்கள். திசையைப் பெயராக்கிய ஐரோப்பியரைவிட, முத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதன் இயல்பைப் பெயராக்கினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. நிறம் ஓடுவதை நேரே பார்த்து வைத்த பெயர் அது. ஆனால் 'நீரோட்டமுள்ள கோதுமை' என்று மொழிபெயர்த்தால் தமிழ் வாசகர் வாய்க்காலைத்தான் நினைப்பார். முத்தில் பிறந்த நம் சொல் முத்திலேயே நின்றுவிட்டது. ஆங்கிலச் சொல்போல வயலுக்கும் கொடிக்கும் நடந்துபோகவில்லை. முத்தொளி வீசும் கோதுமை என்று விரித்தெழுதுவதே இப்போதைக்கு நேர்மையான வழி.

நம் பழஞ்சொற்களுக்கும் இதே உழைப்பு காத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் ராஜராஜன் காலத்து நகைக்கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அணியிலும் கோத்த முத்துகளை வகைபிரித்து எண்ணி எழுதியிருக்கிறார்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, சப்பத்தி, சக்கத்து. வட்டமும் குறுமுத்தும் வடிவும் அளவும் என்று உடனே விளங்கும். வரிசையின் முடிவில் இரண்டு வகைகள் வருகின்றன: 'குளிர்ந்த நீர்', 'சிவந்த நீர்'. இந்தக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் அவற்றை ஒளிமிக்க நீர், சிவப்பு நீர் என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். சிவந்த நீர் என்பது மேனியின் நிறமா, மேனிக்குள் ஓடும் நிறவோட்டமா? குளிர்ந்த நீர் என்றபோது எழுத்தர் கண்டது நீலமும் பசுமையும் கலந்த ஓட்டமா, வெறும் தூய வெண்மையா? ராமன் விளக்கிய ஒளியியலை வைத்துப் பார்த்தால் இவை வெவ்வேறு அமைப்புள்ள முத்துகளாக இருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கணக்கர்கள் அவற்றை வெறுங்கண்ணால் பிரித்திருக்கிறார்கள்.

அகராதி இதற்கு 'ஒளி' என்று ஒரே விடைதான் தரும். ஃபெதரீச்சியின் செட்டிகள் செய்த வேலையை அண்மைக்காலம் வரை செய்த குடும்பங்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் உண்டு. முத்தை வெயிலில் பிடித்து, உருட்டிப் பார்த்து, தரம் சொன்ன முதியவர்கள். 1961 சலாபத்தில் இருபது வயதில் நின்ற ஒருவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்கள் வாயில் 'நீர்' எந்தெந்த அடைமொழியோடு வருகிறது, எந்த முத்தைக் காட்டி எதைச் சொல்கிறார்கள் என்பதை முத்தையும் பக்கத்தில் வைத்து எழுதிக்கொள்ளவேண்டும். மர்ரேயின் சீட்டுகளைப்போல, ஒரு சீட்டில் ஒரு சொல், ஒரு வாக்கியம், சொன்னவர் ஊர், ஆண்டு. தஞ்சைச் சுவரின் அந்த இரண்டு நீர்களையும் படிக்க அதுவே நெருங்கிய வழி, அதற்கு இன்னும் சில ஆண்டுகளே மீதமிருக்கின்றன.